ஒரே குழாயில் நாற்பது சாயப்பட்டறைகள்

அக்கா பையன் எம்.பி.ஏ. கடைசி வருஷம் படிக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை ப்ராஜெக்ட்டுக்கென்று ஒரு கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். ஒரு வட்டாரத்தில் இருக்கும் சிறு, நடுத்தரத் தொழில்கள் எப்படி ஒன்றாகச் சேர்ந்து புதுசு புதுசாகச் செய்து பார்க்கின்றன என்பது அவன் எடுத்திருக்கும் தலைப்பு. முதல் கேள்வி: தொழில்நுட்பத் தகவல்களைச் சக நிறுவனங்களோடு எந்த அளவுக்குப் பகிர்ந்துகொள்கிறீர்கள், 1 முதல் 5 வரை மதிப்பெண் தருக. நான் சட்டென்று 1 என்று சொல்லிவிட்டேன். திருப்பூரில் சாயப்பட்டறை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். ஷேடு ரெசிப்பி, அதாவது நிறக் கலவைக் கணக்கு, எழுதிய நோட்டை அப்பா பீரோவில் வைத்துப் பூட்டுவார், சாவி அம்மாவிடம்கூட இருக்காது.

அவன் 1-ஐச் சுழித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டான். ராத்திரி படுத்த பிறகுதான் எனக்கு அது உறுத்தியது. எங்கள் பகுதியில் நாற்பது சொச்சம் பட்டறைகள் பல வருஷமாக, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் ஒரே கழிவுக் குழாயில் கட்டுண்டு கிடக்கிறோம். யார் என்றைக்கு எந்த உப்பு போட்டார், துணியை மிருதுவாக்க எந்த சாஃப்ட்னரை மாற்றினார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும், என்னுடையது அவர்களுக்குத் தெரியும். இதற்குப் போய் 1 போட்டது பொய். காலையில் அவனுக்குப் போனில் சொல்ல ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போனது, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் உப்பு. எங்கள் கதை முழுக்க உப்புக் கதைதான். பருத்தித் துணிக்கு நாங்கள் போடுவது ரியாக்டிவ் சாயம். தண்ணீரில் நனைந்த பருத்தியும் சாயமும் ஒன்றையொன்று தள்ளும், அந்தத் தள்ளலைக் குறைத்துச் சாயத்தைத் துணிப்பக்கம் அனுப்புவது உப்பு. நேவி, கறுப்பு, மெரூன் மாதிரி அடர் நிறமென்றால் லிட்டருக்கு 80 கிராம் வரை போகும். ஒரு தடவைக்கு 500 கிலோ துணி (அதை லாட் என்போம்), கிலோவுக்கு 8 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் 4,000 லிட்டர், அதில் 320 கிலோ உப்பு. இந்த உப்பில் ஒரு பிடிகூடத் துணியில் தங்காது. வேலையை முடித்துவிட்டு அத்தனையும் தண்ணீரோடு வெளியே வரும். ஒரு மெஷினில், ஒரு லாட்டுக்கு இவ்வளவு. ஊரில் எத்தனை மெஷின் ஓடுகிறது, ஒரு நாளைக்கு எத்தனை லாட் இறங்குகிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இந்த உப்பெல்லாம் எங்கே போனது என்பது ஊரறிந்த சேதி. நொய்யல் ஆற்றுக்குப் போனது. தொண்ணூறுகளில் வந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டு நிறத்தை வீழ்த்தினார்கள், தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருந்தது, உப்பு அப்படியே இருந்தது. அந்த ஆற்றின் குறுக்கே பாசனத்துக்கென்று கட்டி 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாகிப் போனது. அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள், திறந்துவிடுங்கள் என்று அதன் பாசன விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. எங்கள் அம்மா வழிச் சொந்தம் அந்தப் பக்கம்தான். தென்னை மட்டை காய்ந்து தொங்குவதை, கிணற்றுத் தண்ணீரை மாடு வாயில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அந்த விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனது நியாயம். இதை நான் பட்டறைக்காரனாக இருந்துகொண்டே சொல்கிறேன், எங்கள் ஆட்களில் சிலருக்கு இன்னமும் பிடிக்காது, பரவாயில்லை.

2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும் அபராதம் போட்டது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே போகக் கூடாது என்பதை உறுதி செய்தது. அதற்குப் பிறகும் தாமதம், சாக்கு, கால அவகாசம். 2011 ஜனவரி 28-ல் எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடச் சொல்லி உத்தரவு வந்தது. பாய்லர் ஆறிப்போய்க் கிடந்த அந்த மாதங்களை மறக்கவே முடியாது. துணி லூதியானாவுக்கும் அகமதாபாத்துக்கும் லாரி ஏறிப்போய்ச் சாயம் ஏறித் திரும்பி வந்தது. அப்பா தினமும் காலையில் பட்டறைக்குப் போய் ஷட்டரைத் திறந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, மூடிவிட்டு வருவார்.

சரி, இனிமேல்தான் அந்தப் பையனின் தலைப்புக்குள் வருகிறேன்.

நிலையங்களில், உப்பை வடிகட்டிப் பிரிக்கும் ஆர்.ஓ. போட்டால் கழிவுநீரில் பெரும்பங்கு நல்ல தண்ணீராகத் திரும்பக் கிடைத்துவிடும். மிச்சம் வரும் கெட்டி உப்புத் தண்ணீர்தான் தலைவலி. அதை எவாப்பரேட்டரில் கொதிக்க வைத்து ஆவியாக்கினால் உப்பு கட்டியாக விழும் என்றார்கள். விழுந்தது. ஆனால் விறகுச் செலவு தலைக்குமேல் போனது, விழுந்த உப்பும் எதற்கும் ஆகாத கலப்பு உப்பு, மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் ஏறிக்கொண்டே போனது. மாநில அரசு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது, அது இல்லாமல் எழுந்திருக்கவே முடியாது, ஆனால் பணம் மட்டும் அந்தக் கலப்பு உப்பை என்ன செய்யும்?

அப்போதுதான் அருள்புரத்து நிலையத்தில் வேறொரு வழியைச் செய்து காட்டினார்கள். தமிழ்நாடு வாட்டர் இன்வெஸ்ட்மென்ட் கம்பெனி அதில் முன்னால் நின்றது. யோசனை எளிமையானது: அந்த உப்புத் தண்ணீரை ஏன் ஆவியாக்க வேண்டும்? நிறத்தையும் கடினத்தன்மையையும் எடுத்துவிட்டு அப்படியே சாயத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பினால் என்ன? நமக்கு வேண்டியது உப்புத் தண்ணீர்தானே! பிரைன் என்று சொல்கிறோம். பட்டறையிலிருந்து போகும் குழாய் ஒன்று, திரும்பி வரும் குழாய் இரண்டு. ஒன்றில் நல்ல தண்ணீர், இன்னொன்றில் பிரைன். எவாப்பரேட்டருக்குப் போகும் சுமை பாதாளத்துக்கு இறங்கியது.

கேட்கும்போது சுலபம். ஆனால் பிரைன் என்பது எல்லோருடைய உப்பும் கலந்த தண்ணீர். நான் சாதா உப்பும் (சமையல் உப்பு வகை) பக்கத்துக்காரர் கிளாபர் உப்பும் (சோடியம் சல்பேட்) போட்டால் திரும்ப வருவது இரண்டுங்கெட்டான். அதனால் எல்லோரும் ஒரே உப்பு என்று முடிவெடுத்தாக வேண்டும். எங்கள் நிலையத்தில் இந்த ஒரு விஷயத்துக்காக எத்தனை கூட்டம் போட்டோம் என்று எண்ணவில்லை. சாதா உப்பு விலை குறைவு, சிலருக்கு அதில்தான் ஷேடு கை பழகியிருந்தது. கிளாபர் என்றால் மெஷின், எவாப்பரேட்டர் ஸ்டீலை அவ்வளவாக அரிக்காது. கத்தினோம், ஒருவர் நாற்காலியை உதைத்துவிட்டு வெளியே போனார், மறுநாள் திரும்பி வந்தார். கடைசியில் கிளாபர் என்று கையெழுத்துப் போட்டோம். நாற்பது முதலாளிகள், அத்தனை பேரும் ஒருவருக்கொருவர் போட்டி, ஒரே பையரிடம் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்துச் சொல்லி ஆர்டரைத் தட்டிப் பறிக்கிறவர்கள், அவர்கள் தங்கள் ரெசிப்பியில் ஒரு வரியை ஒன்றாக மாற்றிக்கொண்டார்கள்.

அப்புறம் பிரைன் வந்தது. முதல் நாள் அப்பா ஒரு கண்ணாடி ஜாரில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். இளநீர் கொஞ்சம் பழுத்தால் எப்படி இருக்கும், அப்படி ஒரு மஞ்சள். ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு உப்பு அளவு பார்த்து, தேவையான தண்ணீர் கலந்து, லேபில் 5 கிராம் துணியைப் போட்டோம். நேவி பரவாயில்லை. ராயல் ப்ளூ திட்டுத் திட்டாக வந்தது, வெயில் பட்ட மூங்கில் நிழல் துணியில் விழுந்த மாதிரி. பேபி பிங்க் அழுக்கேறி வந்தது. அப்பா எதுவும் பேசாமல் துணியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பிங்க் எதனால் அழுக்கேறியது என்பது பார்த்தாலே தெரிந்தது, பிரைனில் மிச்சமிருந்த மஞ்சள். திட்டு எதனால் என்றுதான் புரியவில்லை. நாங்கள் இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். விடையைக் கொண்டு வந்தவர் ஒரு டையிங் மாஸ்டர், எங்கள் பட்டறை ஆள்கூட இல்லை. முப்பது வருஷத்தில் ஏழெட்டுப் பட்டறை மாறியவர், ஒரு காலத்தில் அப்பாவிடமும் இருந்தவர். டீக்கடையில் நின்றுகொண்டு சொன்னார்: "ஏனுங்க, பிரைன்ல பி.எச். பாத்தீங்களா? அதுல காரம் நிக்குதுங்க. சோடா போடறதுக்கு முந்தியே சாயம் புடிக்க ஆரம்பிச்சுருது, அப்பறம் எப்பிடிங்க சமமா ஏறும்? கொஞ்சம் அசிட்டிக் ஊத்தி இறக்கிப்போட்டு அப்பறமாச் சாயத்த வுடுங்க."

அவ்வளவுதான். ரியாக்டிவ் சாயம் காரம் கிடைத்தால்தான் துணியோடு கட்டிக்கொள்ளும், அதனால் முதலில் நிதானமாகப் பரவவிட்டுப் பிறகு காரமான சோடாவைக் கொடுப்போம். பிரைனில் முன்பே காரம் இருந்ததால் பரவுவதற்குள் அங்கங்கே பிடித்துக்கொண்டது. அசிட்டிக் அமிலம் ஊற்றிக் காரத்தை இறக்கினோம், திட்டு போய்விட்டது. அடுத்த நிலையக் கூட்டத்தில் இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று அப்பாவுக்கு ஒரு தயக்கம். சொல்லாவிட்டால் எங்களுக்கு லாபம்தான், மற்றவர்களுக்குத் திட்டு விழும், எங்களுக்கு விழாது. ஆனால் மற்றவர்கள் பிரைனை எடுக்காவிட்டால் அது நிலையத்துத் தொட்டியிலேயே நிரம்பி நிற்கும், தொட்டி நிரம்பினால் எங்கள் கழிவையும் வாங்க மாட்டார்கள், மெஷின் நின்றுவிடும். சொல்லிவிட்டார். எவ்வளவு அசிட்டிக், எத்தனை நிமிஷம், எந்தச் சூட்டில், எல்லாமே. அன்றைக்கு இன்னொருவர் எழுந்து, வெளிர் நிறத்துக்குப் புது உப்பும் அடர் நிறத்துக்கு பிரைனுமாகப் பிரித்து ஓட்டினால் அழுக்கேறும் பிரச்சினையே வராது என்று தன் லாட் கணக்கோடு காட்டினார். டர்க்காய்ஸ் நிறத்துக்குக் கடினத்தன்மை ஆகாது, அதற்கு முன்னால் பிரைனைச் சோதிக்கச் சொன்னது மூன்றாவது ஆள். ஒரு வருஷத்தில் அந்தக் கூட்டத்தின் மினிட்ஸ் நோட்டு எங்கள் பகுதியின் சாயப் பாடப்புத்தகம் மாதிரி ஆகிவிட்டது.

நல்ல மனசு பெருகி நாங்கள் பகிர்ந்துகொள்ளவில்லை. அடுத்தவன் தோற்றால் என் மெஷின் நிற்கும் என்று குழாய் எங்களைக் கட்டிவைத்திருந்தது, அதனால் பகிர்ந்தோம். எதைப் பகிர்ந்தோம் என்பதையும் குழாய்தான் முடிவு செய்தது. உப்பு, காரம், சாஃப்ட்னர் எல்லாம் வெளியே வந்தன. எந்தச் சாயத்தை எவ்வளவு கலந்து அந்த மெரூனைக் கொண்டுவருகிறேன் என்பது இன்றைக்கும் பீரோவுக்குள்தான் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும், அது எங்கள் சோறு.

இதற்கு ஆதாரம் வேண்டுமென்றால் தனிச் சுத்திகரிப்பு நிலையம் வைத்திருக்கும் பெரிய பட்டறைகளைப் பாருங்கள். அவர்களிடம் படித்த கெமிஸ்ட் இருக்கிறார், நல்ல லேப் இருக்கிறது, எங்களைவிட நிறையவே தெரியும். ஆனால் அவர்களுக்கு யாரோடும் குழாய் இல்லை, அதனால் அந்த அறிவு கேட்டைத் தாண்டி வருவதில்லை. வசதி குறைந்தவர்கள் சேர்ந்து கற்றது அதிகம்.

பாட்டில் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை நிலையத்தில் ஆர்.ஓ. அழுத்தம் திடீரென்று ஏறியது. அதற்குள் வடிகட்டும் மெம்ப்ரேனைக் கழற்றிப் பார்த்தால் வழுவழுவென்று எண்ணெய்ப் படலம். மெம்ப்ரேன் மாற்ற ஆகும் செலவு எல்லோர் தலையிலும் விழும். மானேஜர் அன்றைக்கு ராத்திரியே ஒவ்வொரு பட்டறை வாசலிலும் கழிவைப் பிடித்து மறுநாள் கூட்டத்துக்கு வைத்துவிட்டார். நீளமான மேசை, அதன்மேல் குடிதண்ணீர் பாட்டில்களில் நேவி, சிவப்பு, பச்சை, கறுப்பு, நடுவே ஒன்றிரண்டு வெள்ளை, மூடியில் மார்க்கரால் எழுதிய பட்டறை எண். நாங்கள் ஒவ்வொருவரும் அவரவர் எண்ணைத் தேடிக்கொண்டு நின்றோம். மானேஜர் யாரையும் குற்றம் சொல்லவில்லை, பாட்டிலை ஒவ்வொன்றாகக் குலுக்கிக் கீழே வைத்தார், நுரை அடங்கியதும் மேலே என்ன மிதக்கிறது என்று பார்த்தோம். ஒரு பாட்டிலில் மட்டும் நெய் மிதக்கிற மாதிரி ஒரு வளையம். அந்த அண்ணன் தானாகவே எழுந்தார். "நம்ம பட்டறைதானுங்க. புதுசா ஒரு சிலிக்கான் சாஃப்ட்னர் வந்துச்சு, சாம்பிள் குடுத்தாங்க, போட்டுப் பாத்தேன்." சாம்பிள் கொடுத்த அதே ஆள் இன்னும் ஐந்து பட்டறைக்கும் டின் கொடுத்திருந்தான், அவர்கள் இன்னும் திறக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு வழக்கம்: எந்த ஆக்சிலரி, அதாவது சாயத்தோடு சேர்க்கும் துணைக் கெமிக்கல், புதிதாக வந்தாலும் முதலில் நிலையத்து லேபுக்கு ஒரு பாட்டில் போகும், அவர்கள் சரி என்ற பிறகுதான் மெஷினுக்கு. கெமிக்கல் கம்பெனி டெக்னிக்கல் ஆட்களும் பழகிவிட்டார்கள், மெம்ப்ரேனுக்கு ஒத்துவருமா என்ற கேள்விக்குப் பதில் தயாராக இல்லாமல் எங்கள் தெருவுக்குள் வருவதில்லை. விற்கிறவனை மாற்றியதுதான் எனக்கு இதில் பெரிய விஷயமாகப் படுகிறது. தனியாளாக நான் கேட்டிருந்தால் அடுத்த பட்டறைக்குப் போயிருப்பான்.

இத்தாலியில் பிராட்டோ என்று ஒரு துணி ஊர், சிறு பட்டறைகளுக்குப் பேர் போனது. அங்கேயும் நகராட்சியும் தொழில் சங்கமும் கூட்டாகச் சுத்திகரிப்பு நிலையம் நடத்தி, அந்தத் தண்ணீரைத் திரும்ப ஆலைகளுக்கே தருகிறார்கள் என்று படித்தேன். பையனிடம் இதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். ஒரு வித்தியாசம், அங்கே வீட்டுக் கழிவும் சேர்ந்து வருகிறது, நகராட்சி உள்ளே இருக்கிறது. எங்களுடையதில் நாங்கள் மட்டும், முழுக்கச் சாயத் தண்ணீர். சங்கங்களின் பங்கையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1990-ல் ஆரம்பித்த ஏற்றுமதியாளர் சங்கம் முன்னால் நின்றிருக்காவிட்டால் பவானித் தண்ணீர்த் திட்டம் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது, அதற்கு முன்னால் கிராமத்துக் கிணறுகளிலிருந்து டேங்கர் லாரியில் தண்ணீர் ஓடியது. கோவையில் இருக்கும் ஜவுளி ஆராய்ச்சி நிலையமான சிட்ராவுக்கு நாங்களும் சாம்பிளைப் பஸ்ஸில் கொண்டுபோயிருக்கிறோம். ஆனால் அன்றாடம் அறிவைச் சுமந்து நடந்தது மாஸ்டர்களும் ஆபரேட்டர்களும்தான், கேள்வித்தாளில் அவர்களுக்கு ஒரு கட்டம்கூட இல்லை. அசிட்டிக் சொன்ன மாஸ்டருக்கு யாரும் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. அப்பா அவர் மகள் கல்யாணத்துக்குத் துணி எடுத்துக் கொடுத்தார், அது வேறு.

இன்னொன்று, இதை எழுதும்போது மனசு கனக்கிறது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுத்த அந்தக் கிளாபர் உப்பு ஒரு சல்பேட். காற்றுப் படாத தொட்டிச் சேற்றில் சல்பேட் கிடந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு உண்டாகும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, ஆள் விழுந்துவிடுவார். தொட்டி சுத்தம் செய்ய இறங்கியவர்கள், அவர்களைத் தூக்கக் குதித்தவர்கள் என்று திருப்பூரைச் சுற்றிச் சாவுச் செய்திகள் வந்திருக்கின்றன. மெம்ப்ரேனில் எண்ணெய் படிந்தபோது ஒரே ராத்திரியில் நாற்பது பாட்டில் பிடித்தோம், மறுநாள் விதி போட்டோம். தொட்டிக்குள் ஆள் இறங்குவது பற்றிப் பேச எங்களுக்கு எத்தனை வருஷம் ஆனது என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்த ஆள் குழாயில் இல்லை. அவர் விழுந்தால் அடுத்தவன் மெஷின் நிற்காது. அதனால்தான் அது கூட்டத்தில் வரவில்லை, எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

இப்போது பேசிவிட்டோம். எல்லோரும் பணம் போட்டு வாயு அளக்கும் மீட்டர் இரண்டு, காற்று ஊதும் புளோயர் ஒன்று, கயிறு, பெல்ட்டோடு தொட்டி வாய்க்கு மேல் நிறுத்தி ஆளைத் தூக்கும் முக்காலி ஒன்று வாங்கி நிலையத்து ஸ்டோரில் வைத்திருக்கிறோம். எந்தப் பட்டறையும் எடுத்துப்போகலாம், வாடகை கிடையாது. பம்ப்பால் எடுக்க முடிகிற சேற்றுக்கு யாரும் உள்ளே இறங்கவே கூடாது என்றும் எழுதியிருக்கிறோம். ஆனால் ரெஜிஸ்டரைப் போன வாரம் புரட்டினேன், எடுத்தவர்கள் கையெழுத்து ரொம்பக் கொஞ்சம். தொட்டிகள் மட்டும் வழக்கம்போல் ஞாயிற்றுக்கிழமைகளில் சுத்தமாகிக்கொண்டுதான் இருக்கின்றன.

எங்கள் குழாயில் இருக்கிற அண்ணன் தம்பிகள் யாராவது இதைப் படித்தால்: மூடியைத் திறப்பதற்கு முன்னால் நிலையத்துக்கு ஒரு போன் போடுங்கள். ஸ்டோர் சாவி ஷிப்ட் ஆபரேட்டரிடம் இருக்கும், ராத்திரியும், ஞாயிற்றுக்கிழமையும். முக்காலியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், ஆள் இல்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள், டெம்போவோடு வருகிறேன்.